காலி லாரிக்குக் கைதட்டியவர்கள்

எங்கள் கட்டடத்துக்குப் பத்து மாடி. நாங்கள் எட்டாவது மாடி. முதல் மாடியில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். வாயைத் திறந்தால் 'நாகரிகம்' என்ற வார்த்தையைச் சொல்லாமல் மூடமாட்டார் என்பதால் அவருக்கு நாகரிகம் சார் என்றே பெயர் விழுந்துவிட்டது. மனித குலத்துக்கு லிஃப்ட் அவசியம்தானா என்று முதல் மாடியில் உட்கார்ந்து யோசிப்பது சுலபம். இரண்டு கையிலும் மளிகைப் பையோடு எட்டாவது மாடிக்கு ஏறிக்கொண்டே யோசித்தால் வேறு பதில் வரும். சார் அப்படி யோசித்ததில்லை.

நான் முடி வெட்டுகிறவள். கடை கிடையாது. கத்திரி, சீப்பு, போர்த்துகிற துணி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவேன். இந்தக் கட்டடத்தில் என் முன்னால் குனியாத தலை இல்லை. அதனால் யார் வீட்டில் என்ன புகைகிறது என்று எனக்குத் தெரியும். எனக்கு வாய் நீளம் என்று அவர்களுக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்ட் குழிகளில் எல்லாம் இறங்கிக் குந்தி உட்கார்ந்து வேலை பார்க்கிற மனுஷன், வீட்டுப் பாத்ரூமில் ஒரு பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி, விழுந்து, காலை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு லிஃப்டில்தான் வந்தார். வரும்போதே, "கயிறு கொஞ்சம் சத்தம் போடுது, சொல்லணும்," என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் வெகுநாள் அவர் லிஃப்டில் ஏறவில்லை.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊர் முழுக்கப் பெரிய கம்பியில் வந்துகொண்டிருந்த கரண்ட் நின்றுபோய் வெகுகாலம் ஆகிறது. இப்போது ஒவ்வொரு கட்டடத்துக்கும் மொட்டைமாடியில் சோலார் பலகைகள், பக்கத்தில் ஒரு அறை நிறைய பேட்டரி. கொடுத்தது மின்சார ஆபீஸ். எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு பேட்டரி என்று முடிவு செய்வதும் அவர்கள்தான். எங்களுக்கு இருந்தது போதும் என்றும் சொல்ல முடியாது, போதாது என்றும் சொல்ல முடியாது. மனசு வைத்தால் லிஃப்டும் ஓடும், மோட்டாரும் ஓடும், வீட்டுக்கு வீடு விளக்கும் எரியும்.

அந்த மனசில்தான் மண் விழுந்தது. மின்சார ஆபீஸ் ஒரு போட்டி அறிவித்தது. மூன்று மாதத்தில் ஊரிலேயே மிகக் குறைவாகச் செலவழிக்கிற கட்டடத்துக்கு 'எதிர்காலக் குடியிருப்பு' என்று பட்டம், வாசலில் மாட்ட ஒரு பலகை, கூடவே 'தகுந்த நடவடிக்கை'. எங்கள் செக்ரட்டரிக்குக் கூட்டம் போடுவதென்றால் அலாதி ஆசை. குழாய் ஒழுகினாலும் கூட்டம் போடுவார், பூனை செத்தாலும் கூட்டம் போடுவார். இதற்குப் போடாமல் இருப்பாரா?

"தகுந்த நடவடிக்கைன்னா என்ன? கூடுதல் பேட்டரிதான்," என்று அவர் அடித்துச் சொன்னார். "சிக்கனமா இருக்கறவனுக்குத்தானே சேத்துக் குடுப்பான்? அதானே நியாயம்?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

நாகரிகம் சார் எழுந்தார். "நாகரிகம்ங்கறது நெருப்பைக் கண்டுபிடிச்சதுல ஆரம்பிச்சது. அதை அணைக்கக் கத்துக்கறப்பதான் முழுமை அடையும்," என்றார். கைதட்டினார்கள். அவருக்கு முடி வெட்டும்போதெல்லாம் இந்தப் பேச்சை நான் கேட்டிருக்கிறேன். காதோரம் கத்திரி போகும்போது மட்டும் நிறுத்துவார்.

படிக்கட்டு விளக்கு வேண்டாம் என்றார்கள், சரி. தண்ணீர் மோட்டார் இரண்டு நாளைக்கு ஒருமுறை என்றார்கள், அதற்கும் சரி. அப்புறம் லிஃப்டுக்கு வந்தார்கள். நான் எழுந்தேன்.

"சார், எங்க வீட்டுக்காரரை அடுத்த வாரத்துலேர்ந்து தினமும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். மெஷின்ல வச்சு முட்டியை மடக்கணும். இந்த மூணு மாசத்துல மடக்கலைன்னா கால் கட்டையா நின்னுடும், அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அவர் குந்தி உக்காந்து வேலை பாக்குற ஆளு. லிஃப்டை நிறுத்தாதீங்க."

"நாங்க எதுக்கும்மா இருக்கோம்? ஒரு நாற்காலியில உக்கார வச்சு நாலு பேர் தூக்கிட்டு எறங்க மாட்டோமா?" என்றார் செக்ரட்டரி.

"மெஷின் தூக்கறதை மனுஷன் தூக்கறான். இதுக்குப் பேர்தான் சமூகம்," என்றார் நாகரிகம் சார். அவர் தூக்குகிறேன் என்று சொல்லவில்லை. சமூகம் தூக்கும் என்றார்.

எல்லோரும் கையை உயர்த்தினார்கள். பத்தாவது மாடிக்காரர்கூட உயர்த்தினார். படி ஏறினால் தொப்பை குறையுமாம். செக்ரட்டரி அன்றைக்கே பேட்டரி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார்.

முதல் நாள் என் வீட்டுக்காரரைத் தூக்க அடிதடி. பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, காலை நீட்டிக் கட்டி, பல்லக்கு மாதிரி இறக்கினார்கள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு போட்டோ. போட்டிக்கு அனுப்ப வேண்டுமாம். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "எனக்கு மாலை ஒண்ணுதான் போடலை," என்று என் காதில் சொன்னார். மூன்றாம் நாள் நாலு பேர் மூன்று பேரானார்கள். அடுத்த வாரம் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, ஒருவருக்குத் தோள்பட்டை, ஒருவருக்கு மாமனார் ஊரிலிருந்து வந்துவிட்டார். மாமனாருக்கும் தூக்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். கடைசியாக இரண்டு பேர் தூக்கிய அன்று ஆறாவது மாடித் திருப்பத்தில் ஒருவருக்குச் செருப்பு வழுக்கி, நாற்காலி சாய்ந்து, இவர் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தொங்கினார். தூக்கியவர் நாற்காலியை விட்டுவிட்டுத் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"போதும்மா," என்றார் அவர் அன்றைக்கு. "இன்னொரு தடவை விழுந்தா கம்பியும் போயிடும். லிஃப்ட் வரட்டும், பாத்துக்கலாம்."

நான் சும்மா இருக்கவில்லை. ஆம்புலன்ஸ்காரர்களைக் கேட்டேன். "லிஃப்ட் இருக்கற பில்டிங்ல நாங்க ஏன் தூக்கணும்?" என்றார்கள். வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிற ஆள் ஒருவரைப் பிடித்தேன். எட்டு மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கி, ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, முட்டியை இரண்டு தரம் அசைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. நாகரிகம் சாரிடம் அவர் வீட்டு முன்னறையைக் கொஞ்ச நாளைக்குக் கேட்டேன். அங்கே புத்தகம் இருக்கிறதாம். ஆஸ்பத்திரியிலிருந்து இரவல் வாங்கி வந்த சக்கர நாற்காலி, காலை நீட்டி வைக்கப் பலகையோடு, எட்டாவது மாடி வராந்தாவில் நின்றது. அதில் துணி காயப்போட்டேன்.

செக்ரட்டரி வீட்டு வாசலிலும் போய் நின்றேன்.

"ஒரே ஒரு தரம் போடுங்க சார். காலையில எறங்க, மத்தியானம் ஏற."

"லிஃப்ட் கிளம்பறப்ப மீட்டர் ஒரு குதி குதிக்கும்மா. இப்ப நாமதான் முதல் இடம். கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கோ."

என் பல்லை நான் கடித்துக்கொள்ளலாம். இவர் முட்டிக்கு அது தெரியவா போகிறது?

முதல் இடத்துக்கு எப்படி வந்தோம் என்பதுதான் விசேஷம். உலகத்தில் வேறு எந்தக் கூட்டமும் இப்படி ஒரு காரியம் செய்திருக்காது. எதிர்க் கட்டடத்துச் செக்ரட்டரி எங்கள் செக்ரட்டரியின் மச்சினன். போட்டியில் அவர்கள் சேரவில்லை. "உங்க ஜனங்க தாராளமா வரட்டும் அத்தான், நமக்குள்ள என்ன," என்று மச்சினன் வாயெல்லாம் பல்லாகச் சொன்னான். அவ்வளவுதான். எங்கள் வீடு ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு வீடு ஜோடி சேர்ந்தது. எங்கள் ஆட்கள் அழுக்குத் துணியை மூட்டை கட்டி, இருட்டுப் படியில் இறங்கி, தெருவைத் தாண்டி, எதிர்க் கட்டடத்து லிஃப்டில் ஏறி, அங்கே மெஷினில் துவைத்து, அங்கேயே டிவி பார்த்து, போனுக்குச் சார்ஜ் போட்டு, ஈரத் துணியோடு திரும்பி வந்து படியேறினார்கள். எங்கள் குழாயில் தண்ணீர் இல்லாததால் காலையில் தோளில் துண்டோடு ஒரு ஊர்வலம் வேறு. குளிக்க என்று சொல்லிக்கொள்வார்கள். குளிக்க மட்டுமில்லை. நாகரிகம் சார் தன் மேசை விளக்கைத் தூக்கிக்கொண்டு போய் எதிர் வீட்டுப் பிளக்கில் மாட்டி, குறைவாக வாழ்வது எப்படி என்று கட்டுரை எழுதினார்.

நான் எங்கள் ஜோடி வீட்டுக்காரியிடம், "இவரை எப்படியாவது ஒரு தரம் எறக்கிட்டா, உங்க வீட்டுல கொஞ்ச நாள் தங்க வச்சுக்கலாமா? உங்க லிஃப்ட் ஓடுதே," என்று கேட்டேன். "துவைக்கறதுக்கும் டிவிக்கும்தான் ஏற்பாடு. ஆள் படுக்கறதைப் பத்தி யாரும் சொல்லலையே," என்றாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. யாரும் சொல்லவில்லைதான்.

நாட்கள் போயின. நானே அவர் காலை மடியில் வைத்து மடக்கிப் பார்த்தேன். அவர் தலையணையை வாயில் திணித்துக்கொண்டார். அப்படியும் கேட்டது. எனக்குக் கை ஓடவில்லை. "அமுக்கும்மா, பரவாயில்லை," என்பார். அமுக்கினால் கண்ணில் தண்ணீர் முட்டும். விட்டுவிடுவேன். ஒரு வாரத்துக்கு முன்னால் கொஞ்சம் வளைந்த முட்டி இப்போது அதுகூட வளையவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. கட்டடத்தில் இருக்கிற அத்தனை பேர் தலையையும் ஒரே நாளில் மொட்டையடிக்கிற ஆத்திரம் எனக்கு. ஆனால் அவரவர் கேட்டபடிதான் வெட்டினேன். வயிறு இருக்கிறதே.

ஜெயித்துவிட்டோம். செய்தி வந்த அன்று செக்ரட்டரி ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொன்னார், பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானவர் போல. விழா நாளில் மின்சார ஆபீஸ் பெரிய அதிகாரி அம்மா வருகிறார். அவர் மொட்டைமாடிக்குப் போய் ரிப்பன் வெட்டப்போகிறார். அவரைப் படியில் ஏற்ற முடியுமா? அதனால் அன்றைக்கு ஒரு நாள் லிஃப்ட் ஓடும்.

என் வீட்டுக்காரர் அன்று காலையிலேயே சவரம் செய்துகொண்டார். சட்டை போட்டுக்கொண்டார். சக்கர நாற்காலியில் காயப்போட்டிருந்த துணியை எடுத்துவிட்டு அவரை உட்கார வைத்தேன். காலைப் பலகையில் நீட்டி வைத்தேன். "இன்னிக்கு எறங்கறோம்," என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். சின்னப்பிள்ளை ஊருக்குக் கிளம்புகிற மாதிரி முகம். எனக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

என்ன நிலவரம் என்று பார்க்கக் கீழே இறங்கினேன். கட்டடமே வாசலில் நின்றது. தெருமுனையில் மின்சார ஆபீஸ் லாரி ஒன்று திரும்பியது. "பேட்டரி வந்துடுச்சு," என்று செக்ரட்டரி சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவர் விசிலடித்தார். லாரி வந்து நின்றது. பின்னால் எட்டிப் பார்த்தோம். ஒன்றுமில்லை. கொஞ்சம் கயிறும் ஒரு தள்ளுவண்டியும் கிடந்தன.

"பேட்டரி எங்கப்பா?" என்றார் செக்ரட்டரி.

"மாடியிலதானே இருக்கு?" என்றார் லாரி டிரைவர். "பாதியை எடுத்துட்டுப் போகச் சொல்லியிருக்காங்க. எதிர் பில்டிங்குக்கு மாத்தணும்."

அதற்குள் அதிகாரி அம்மாவின் காரும் வந்துவிட்டது. அவர் இறங்கி, செக்ரட்டரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்ல மனுஷிதான். குரலில் நிஜமான சந்தோஷம்.

"உங்களைப் பாத்து எங்களுக்கே ஆச்சரியம்," என்றார். "இவ்வளவு கொஞ்சத்துல பத்து மாடி ஜனங்க வாழலாம்னு நிரூபிச்சுட்டீங்க. உங்களுக்குத் தேவையில்லாத பேட்டரி எதுக்கு சும்மா கெடக்கணும்? எதிர்ல பாருங்க, மூணு மாசத்துல செலவு ரெண்டு மடங்காயிடுச்சு, பாவம், அவங்களுக்குத் தேவை அதிகம். இனிமே உங்க அளவுதான் எங்களுக்கு அளவு. அடுத்த வருஷத்துலேர்ந்து ஊர் முழுக்க எல்லாப் பில்டிங்குக்கும் இவ்வளவுதான் குடுக்கப் போறோம்."

எதிர்க் கட்டட வாசலில் மச்சினன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் பல்லெல்லாம் எதற்கு அன்றைக்குத் தெரிந்தது என்று இப்போது எங்கள் ஆட்களுக்குப் புரிந்தது. செக்ரட்டரியின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் பட்டம் போய்விடும், திருட்டுத்தனம் வெளியே வந்துவிடும். "ரொம்ப நன்றிங்க மேடம்," என்றார். நாகரிகம் சார் ஏதோ சொல்ல ஆரம்பித்து இருமினார்.

பாதி பேட்டரியில் லிஃப்ட் கிளம்பவே கிளம்பாது. அது என் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வது. இன்றைக்கு லிஃப்ட் எங்களுக்காக ஓடவில்லை, தன் பேட்டரியைத் தானே சுமந்து இறக்குவதற்கு ஓடுகிறது. இன்றைக்கு இவர் இறங்காவிட்டால் இனி இறங்கவே முடியாது. இறங்கினால் ஏற முடியாது, ஆனால் ஆஸ்பத்திரிக்காவது போய்ச் சேரலாம். படியில் ஓடினேன்.

எட்டாவது மாடிக்கு வந்து மூச்சிரைக்க பட்டனை அமுக்கினேன். மேலே போய்க்கொண்டிருந்த லிஃப்ட் நின்று திறந்தது. உள்ளே அதிகாரி அம்மா, அவருடைய உதவியாளர், செக்ரட்டரி, தள்ளுவண்டியோடு ஒரு ஆள். மூலையில் நாகரிகம் சார். முதல் மாடியிலிருந்து லிஃப்டில் ஏறியிருக்கிறார்.

"கொஞ்சம் நகருங்க," என்று சொல்லிச் சக்கர நாற்காலியை உள்ளே தள்ளினேன். நீட்டிய கால் முதலில் போனது. அதிகாரி அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டார். லிஃப்ட் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. பாரம் அதிகமாம். ஒருவர் இறங்கினால் போதும். ஒருவரும் இறங்கவில்லை. உதவியாளர் மேலே பார்த்தார். தள்ளுவண்டிக்காரர் தள்ளுவண்டியைப் பார்த்தார். நாகரிகம் சார் கண்ணை மூடிக்கொண்டார். மனித குலத்தின் எதிர்காலம் அந்தப் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் நின்று கத்திக்கொண்டிருந்தது.

"ஏம்மா, மேடம் மேல போய்ட்டு வந்துடட்டும், அப்புறம் நீங்க எறங்கலாம்," என்றார் செக்ரட்டரி.

"அப்புறம் லிஃப்ட் இருக்காது சார். உங்களுக்கும் தெரியும்," என்றேன். நாற்காலிப் பிடியை விடவில்லை.

அதிகாரி அம்மா என்னைப் பார்த்தார், நீட்டிய காலைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இங்க பாத்ரூம் எங்க இருக்கு?" என்றார். காலையிலிருந்து காரிலேயே இருந்திருக்கிறார். பாவம், அவரும் மனுஷிதானே?

நான் பிடியை விட்டுவிட்டு அவரை எங்கள் வீட்டுக்குள் அழைத்துப் போனேன். செக்ரட்டரி பதறியடித்துப் பின்னாலேயே வந்தார். பாரம் குறைந்ததும் லிஃப்ட் கத்துவதை நிறுத்தியது. வீட்டில் கடைசி அரை வாளித் தண்ணீர் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்றேன்.

"லைட் எரியலையேம்மா," உள்ளேயிருந்து குரல்.

"அந்த பல்பை மாத்தறப்பதான் மேடம் அவர் விழுந்தார்."

கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணியும் வரலையே."

"வராது மேடம். மோட்டார் போட்டா மீட்டர் ஓடும். போட்டி இல்லையா?"

"வாளி எதுவும் இல்லையா?"

"என் கையில இருக்கு மேடம். கொஞ்சம் பேசிட்டுத் தரேன்."

நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே கூட்டம் அதுதான். அந்தக் கூட்டத்திலிருந்து யாரும் எழுந்து போக முடியாது. எல்லாவற்றையும் சொன்னேன். துணி மூட்டையைச் சொன்னேன், டிவியைச் சொன்னேன், சாரின் மேசை விளக்கைச் சொன்னேன். காலையில் துண்டோடு போகிற ஊர்வலத்தையும் எதற்கு என்று விளக்கமாகச் சொன்னேன். செக்ரட்டரி இரண்டு கையையும் கூப்பி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னேன்.

"இந்த பில்டிங்ல யாரும் கொஞ்சத்துல வாழலை மேடம். எதிர்ல போய் வாழ்ந்தோம். எதிர்ல போக முடியாதவர் ஒருத்தர்தான், எங்க வீட்டுக்காரர். அவர் மட்டும்தான் நிஜமா கரண்ட் இல்லாம இருந்தார். உங்க அளவு அவர் முட்டிதான். அதை வச்சு ஊருக்கெல்லாம் அளக்கப் போறீங்க."

"சரிம்மா," என்றது குரல். "இப்ப வாளியைக் குடு."

கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் வெளியே வந்து கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். "இவங்க சொல்றது உண்மையா?" என்று செக்ரட்டரியைக் கேட்டார்.

"அக்கம்பக்கத்துல கொஞ்சம் உதவி…" என்று அவர் இழுத்தார்.

அதிகாரி அம்மா ஜன்னலோரம் போனார். கீழே தெருவில் பத்தாவது மாடிக்காரர், தலை ஈரம் சொட்ட, தோளில் துண்டோடு, எதிர்க் கட்டடத்திலிருந்து நிதானமாக வந்துகொண்டிருந்தார். கையில் சோப்புப் பெட்டி. அம்மா அவரை வாசல்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போனை எடுத்து, "பேட்டரியைக் கழட்டாதீங்க," என்று மட்டும் சொன்னார்.

நான் வராந்தாவுக்கு வந்தபோது லிஃப்ட் இல்லை. படியில் தடதடவென்று இறங்கினேன். வாசலில் என் வீட்டுக்காரர் வெயிலில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் வெயில் அடிக்கக் கண்ணைச் சுருக்கித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் கீழே வந்ததும் அவரை வெளியே தள்ளிக்கொண்டு வந்தது லாரி டிரைவர். "சும்மாதானே திரும்பிப் போறேன், ஆஸ்பத்திரியில விட்டுடறேன்," என்றார் அவர். அப்படித்தான் நாங்கள் போனோம், காலி லாரியில், கயிற்றுக் குவியலுக்குப் பக்கத்தில்.

டாக்டர் முட்டியைப் பிடித்து மெதுவாக வளைத்தார். கொஞ்சம் வளைந்தது. அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி முயன்றார். என் வீட்டுக்காரர் கத்தவில்லை. "குந்த முடியுமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார்.

"தினமும் வாங்க, கொஞ்சம் இளகும்," என்றார் டாக்டர். "முழுசா மடங்காது. முன்னாடியே வந்திருக்கணும்."

முன்னாடியே வந்திருக்கணும். அந்த ஆளை என்ன சொல்ல? வரும் வழியெல்லாம் நான் அழுதேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடு, இனிமே குழிக்குள்ள எறங்கற வேலை மிச்சம்," என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இப்போது அவருக்கு ஆபீஸில் உட்கார்ந்து போன் எடுக்கிற வேலை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால் பயப்படாதீர்கள் என்று சொல்ல வேண்டும். அதைப் பொறுமையாகச் சொல்வார்.

எங்களுக்குப் பட்டம் இல்லை, பலகை இல்லை, பேட்டரி இருக்கிறது. மச்சினனுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஊருக்கெல்லாம் எங்கள் அளவு என்ற பேச்சும் அடங்கிவிட்டது. கட்டடத்தில் யாரும் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை, தலையைக் கொடுக்கவும் இல்லை. எத்தனை நாளைக்கு? முடி வளராமல் இருக்குமா? முதலில் வந்தது நாகரிகம் சார்தான். நாற்காலியில் உட்கார்ந்தவர், வெட்டி முடிக்கும்வரை வாயே திறக்கவில்லை.

லிஃப்ட் இப்போது தினமும் ஓடுகிறது. போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, கீழே லிஃப்டில் ஏறினோம். நீட்டிய கால் பாதி இடத்தை அடைத்துக்கொண்டது. செக்ரட்டரியும் அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவரும் வந்து ஏறினார்கள். இவர் பாதம் தட்டிக் கதவு மூடவில்லை. மூடப் போய், மறுபடி திறந்துகொண்டது.

"கொஞ்சம் காலை மடக்கிக்கறீங்களா?" என்றார் விருந்தாளி மரியாதையாக.

"மடங்காதுங்க," என்றார் என் வீட்டுக்காரர், அதே மரியாதையோடு.

செக்ரட்டரி வெளியே இறங்கிப் படிப்பக்கம் போய்விட்டார். நான் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பினேன். இப்போது கதவு மூடும்.

"ஏன் எறங்கிட்டார்? அதான் இடம் இருக்கே," என்றார் விருந்தாளி.

"அவரால இந்தக் காலைப் பாத்துக்கிட்டு நிக்க முடியாதுங்க," என்றேன்.

"பாக்க முடியலைன்னா நடக்கட்டும்," என்றார் என் வீட்டுக்காரர். "நீ எட்டை அமுக்கு."